அம்மம்மாவின் தகரப் பெட்டி: பழைய காசுகளின் தரம், மினுக்கம், விலை

நாவலடிப் பெண் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் இல்லை. சென்ற மாசியில் காலமான என் அம்மம்மாவிடம் ஒரு தகர பிஸ்கட் பெட்டி இருந்தது. 2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது நாவலடியில் எங்கள் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சப் போய்விட்டது. மூன்றாம் நாள் மாமா தேடிப் போனபோது கிணற்றுக் கட்டின் அருகே சேற்றில் இந்தப் பெட்டி புதைந்து கிடந்ததாம். மூடி நெளிந்திருந்தாலும் திறபடவில்லை. அதன் பிறகு அம்மம்மா அதை எவருக்கும் திறந்து காட்டியதில்லை. இப்போது கல்லடியில் இருக்கிறோம். பெட்டி என் கைக்கு வந்திருக்கிறது.

உள்ளே 63 காசுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் மரம் பொறித்த செப்புச் சதங்கள். வெள்ளி ஐம்பது சதங்கள் ஆறு (1893, 1895, 1917, 1921, 1926, 1942). இந்திய ரூபா நான்கு (1900, 1907, 1911, 1918), அவற்றில் 1907இல் வளையம் ஒட்டியிருந்த தடம் தெரிகிறது. 1957ஆம் ஆண்டின் பெரிய ஐந்து ரூபா ஒன்று. சதுர ஐந்து சதம், ஓரம் நெளிந்த பத்துச் சதம் என்று சில்லறைகள். ஒல்லாந்தர் காசு என்று அம்மம்மா சொன்ன செப்புக் காசு ஒன்று. இவற்றோடு பழைய மாத்திரைப் போத்தல் ஒன்றும் கிடக்கிறது. மூடி இறுகிவிட்டதால் திறக்க முடியவில்லை.

பழைய சாமான் வாங்க வீடு வீடாக வரும் ஒருவர் சென்ற வாரம் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 12,000 ரூபா தருகிறேன் என்றார். அவர் வருவதற்கு முதல் நாள்தான் அம்மா 1893ஆம் ஆண்டின் ஐம்பது சதத்தைக் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்தார். "இது ஒன்றுதான் நல்ல காசு, மற்றவை கறுத்துவிட்டன" என்று வந்தவர் சொன்னார்.

இணையத்தில் பார்த்தால் ஃபைன், வெரி ஃபைன், அன்சர்குலேட்டட், புரூஃப் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இந்தத் தரங்கள் எப்படிக் கணிக்கப்படுகின்றன? மற்றக் காசுகளையும் துலக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.


பழங்காசு, புளியந்தீவு | ஞாயிறு, இரவு 9.25

மகள், மற்ற 62 காசுகளில் கை வைக்க வேண்டாம். புளி, சாம்பல், பற்பசை, தேசிக்காய், சோடாத் தூள் எதுவும் கிட்டப் போகக் கூடாது. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். விளக்கையும் குடத்தையும் துலக்கி வைப்பது நம் வீடுகளில் பழகிப்போன மரியாதை. காசுக்கு மட்டும் அந்த மரியாதை ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். வெறும் உலோகத் தட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் மயிரிழையிலும் மெல்லிய கோடுகளை நாணயத்தின் முகத்தில் விட்டுச் செல்கிறது. புழக்கத்துக்குப் போகாத காசை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவைச் சுற்றி ஓடும். அதைத்தான் மினுக்கம் என்கிறோம். புளியின் அமிலம் அந்தக் கோடுகளைக் கரைத்துவிடும், சாம்பல் அவற்றின் மேல் புதிய கீறல்களைப் போடும். பிறகு காசு பளபளக்கும். ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரியாக, தகரம் போலப் பளபளக்கும். ஒளி சுற்றி ஓடாது. பழகிய கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். போன மினுக்கத்தை உலகத்தில் எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

தரப் பெயர்களைப் பொறுத்தவரை, ஆங்கிலச் சொற்களின் அகராதிப் பொருளை நம்பிவிடாதீர்கள். "குட்" என்றால் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு. "ஃபைன்" என்றால் நன்றாகவே தேய்ந்தது. எழுத்துகள் தெளிவாக இருக்கும், தலைமுடியின் நுணுக்கம் பெரும்பாலும் போயிருக்கும். "வெரி ஃபைன்" காசில் அந்த நுணுக்கத்தில் பாதிக்கு மேல் பார்க்கலாம். "எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்" என்றால் மேடான இடங்களில் மட்டும் சிறு தேய்மானம். "அன்சர்குலேட்டட்" காசில் புழங்கிய தேய்மானம் அறவே இருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் "ஃபைன் கொண்டிஷன்" என்பதைப் படித்துவிட்டு நல்ல காசு என்று வாங்கி ஏமாந்த இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும்.

தேய்மானம் எப்போதும் மேட்டில்தான் தொடங்கும். விக்டோரியா என்றால் கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும். ஜோர்ஜ் என்றால் புருவம், மீசை, கிரீடத்தின் பட்டி. செப்புச் சதத்தில் மரத்தின் ஓலை நடுவைப் பாருங்கள். அந்த மேடுகள் சுற்றியுள்ள பரப்பை விட மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் அது பலர் கைபட்ட காசு. ஆனால் அச்சு சரியாக விழாமல் தொடக்கத்திலேயே மேடு மொட்டையாகப் போன காசுகளும் உண்டு. அங்கே உருவம் தெளிவில்லாவிட்டாலும் நிறம் மாறியிருக்காது. தேய்ந்ததா, அடிக்கும்போதே விழாததா என்பதைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் தரம் பார்ப்பதில் பாதியைக் கற்றுவிட்டீர்கள் என்று பொருள்.


கல்முனை நானா | ஞாயிறு, இரவு 10.10

தங்கச்சி, நான் நகைத் தொழிலில் இருப்பவன். சேர்ப்பவர்கள் ஆயிரம் சொல்வார்கள், முதலில் தராசு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

1957 ஐந்து ரூபா 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 26 கிராம் வரும். இந்திய ரூபா ஒன்று 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நான்குக்கும் 42 கிராமுக்கு மேல். ஐம்பது சதம் எல்லாம் 5.83 கிராம்தான், ஆனால் இங்கே கவனம் வேண்டும். 1893, 1895, 1917 மூன்றும் ஆயிரத்துக்கு 800 வெள்ளி. 1919 முதல் வந்தவை 550தான், உங்கள் 1921, 1926, 1942 மூன்றும் அதில் சேரும். முதல் மூன்றில் 14 கிராம், பின் மூன்றில் ஒன்பதரை.

கூட்டினால் ஏறத்தாழ 92 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அந்த மனிதர் சொன்ன 12,000 உருக்கு விலைக்கே எட்டாது. செப்புக் காசுகளும் ஒல்லாந்தர் காசும் அவருக்குச் சும்மா கிடைத்திருக்கும். நல்ல வேளை, கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.


நாவலடிப் பெண் | திங்கள், மாலை 5.30

நானா, அந்தக் கணக்கை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஐயா சொன்னபடி மேசை விளக்கின் கீழ் 1893ஐயும் 1895ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1893 முழுவதும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இராணியின் கன்னத்தில் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான கீறல்கள். 1895 கருஞ்சாம்பல் நிறம். சாய்த்தபோது எழுத்துகளுக்கு இடையில் மட்டும் மெல்லிய ஒளி நகர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் கண்ணில் படுகிறது.

செப்புக் காசுகள் சிலவற்றில் பச்சைப் பூ இருக்கிறது. இரண்டு மூன்றில் வெளிர் பச்சைத் தூளாக உதிர்கிறது. கடல் நீர் பட்டதால்தானா? இதையும் தொடாமல் விடுவதா?


அக்கரைப்பற்று ஆசிரியை | திங்கள், இரவு 7.45

பழங்காசு ஐயா "தொட வேண்டாம்" என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இந்த ஓரிடத்தில் தொட்டே ஆக வேண்டும். நான் இரசாயனவியல் கற்பிப்பவள், எங்கள் வீட்டுப் பெட்டியும் அதே நாளில் அதே கடலில் நனைந்தது.

செப்பில் வரும் பச்சை எல்லாம் ஒன்றல்ல. கெட்டியாக, வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருக்கும் கரும் பச்சையும் கபிலமும் காசைக் காக்கும் போர்வைகள். அவற்றை விட்டுவிடுங்கள். வெளிர் பச்சையாகத் தூள் உதிர்வதுதான் ஆபத்து. கடல் உப்பிலுள்ள குளோரைடு செப்புக்குள் புகுந்து, காற்றின் ஈரத்தைக் கண்டதும் மீண்டும் மீண்டும் அரிக்கும். தூளைத் துடைத்தாலும் சில வாரங்களில் அதே குழியில் திரும்பப் பூக்கும். வாவி ஒரு பக்கம், கடல் மறு பக்கம் என்று இருக்கும் கல்லடியில் இது வேகமாகவே நடக்கும்.

அந்த இரண்டு மூன்றையும் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றுங்கள். குழாய் நீரோ கிணற்று நீரோ வேண்டாம், அதிலும் குளோரைடு இருக்கும். சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பிறகு தேய்க்காமல் ஒற்றி, நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் தனியே வையுங்கள். தரம் குறையும் என்ற கவலை இந்தக் காசுகளுக்கு இனித் தேவையில்லை. கரைந்து போகாமல் காப்பாற்றினாலே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். காசுகள் மென்மையான பிளாஸ்டிக் பைகளில் இருக்கின்றனவா? பிவிசி பைகள் காலப்போக்கில் பச்சைப் பிசினை விடும். அதற்கு மட்டும் சுத்தமான அசெற்றோன் உதவும், உலோகத்தை அது தொடாது. நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் நிறமும் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அசெற்றோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்து வேலை செய்யக் கூடாது. இறப்பர் பட்டியும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்க வைக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.


காரைதீவான் | திங்கள், இரவு 9.05

எல்லாரும் நல்ல விடயங்களைச் சொல்கிறீர்கள். ஆனால் இந்தத் தரம், இலக்கம், பிளாஸ்டிக் கூடு எல்லாம் நம் ஊர்க் காசுக்குத் தேவையா என்று கேட்க விரும்புகிறேன். 70இல் 63 என்று அமெரிக்காவில் யாரோ எழுதிக் கொடுத்தால் ஒரு விலை, 64 என்று எழுதினால் இரண்டு மடங்கு. என் கையில் இருக்கும் ஒரு காசை மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றார், ஒருவர் வெரி ஃபைன் என்றார், மூன்றாமவர் அன்சர்குலேட்டட் என்றே சொன்னார். இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை அளவுகோல் என்று எப்படிச் சொல்வது?


பழங்காசு, புளியந்தீவு | திங்கள், இரவு 10.20

தம்பி, கேள்வி நியாயமானது. அந்த 70இன் கதையைச் சொன்னால் விளங்கும்.

1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1793 முதல் 1814 வரையிலான பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்காக ஓர் அளவை வகுத்தார். உருவமே தெரியாமல் தேய்ந்த காசுக்கு 1. குறையே இல்லாத காசுக்கு 70. அந்தச் சதங்களின் அன்றைய சந்தையில் மிகச் சிறந்தது கடைசித் தரத்தைப் போல எழுபது மடங்கு விலை போகும் என்பதுதான் அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு விரைவில் பொய்த்துப்போனது, இலக்கங்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1970களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் அதை எல்லா நாணயங்களுக்கும் எடுத்துக்கொண்டது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று தனியார் நிறுவனங்கள் வந்து, காசைத் தரம் பார்த்துக் கூட்டில் அடைத்து முத்திரையிடத் தொடங்கின.

ஆகவே 4 குட், 12 ஃபைன், 20 வெரி ஃபைன், 40 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 50 முதல் 58 வரை ஏறத்தாழப் புழங்காதது, 60 முதல் 70 வரை புழங்காதது. 60க்கு மேல் தேய்மானத்துக்கு இடமே இல்லை. அங்கே பார்ப்பது சாக்கில் ஒன்றோடொன்று உரசிய வடுக்கள், மினுக்கம், அச்சு விழுந்த அழகு ஆகியவற்றைத்தான். வடு நிறைந்த 60ஐ விட, புருவத்தில் ஒரு துளி மட்டும் மங்கிய 58 கண்ணுக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும். நானே 58ஐத்தான் எடுப்பேன்.

63க்கும் 64க்கும் இடையில் மனிதர்கள் மாறுபடுவது உண்மை. ஆனால் உங்கள் காசைப் பார்த்த மூவரில் ஒருவருக்கு ஒளியில் சாய்த்துப் பார்க்கத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். வெரி ஃபைனும் அன்சர்குலேட்டட்டும் ஒரே காசில் வராது. புருவத்தின் நிறத்தைப் பார்த்து எழுதுங்கள், மூவரில் யார் சரி என்று தெரிந்துவிடும்.

கூட்டைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நானும். ஒரு சாதாரண ஐம்பது சதத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் போட்டுத் திருப்பி எடுக்கும் செலவு காசின் விலையைத் தாண்டிவிடும். மிக அரிதான, போலி அதிகம் உலாவும் காசுக்கே அது பயன்படும். துலக்கிய காசை அனுப்பினால் அவர்கள் இலக்கமே தரமாட்டார்கள். உண்மையான காசு, ஆனால் துலக்கப்பட்டது என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அம்மா தேய்த்த 1893க்கும் அதுதான் கிடைக்கும். அந்த ஒன்றை வெள்ளி விலைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மகள்.


அம்பாறை வீதி | செவ்வாய், காலை 6.50

இங்கே புரூஃப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் புதிய நினைவு நாணயங்கள் மட்டுமே சேர்ப்பவன், ஆகவே அதை என் பங்குக்குச் சொல்கிறேன்.

புரூஃப் என்பது தரத்தின் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். அச்சையும் தட்டையும் கண்ணாடி போல மெருகேற்றி, மெதுவாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடித்து, கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு கறுத்த கண்ணாடி போல ஆழமாகத் தெரியும். உருவம் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். புரூஃப் காசு ஒன்று தவறிச் சட்டைப் பைக்குள் போய்ப் புழங்கித் தேய்ந்தாலும் அது தேய்ந்த புரூஃப்தான். சாதாரணக் காசாக மாறாது. அதேபோல எவ்வளவு பளபளத்தாலும் சாதாரணக் காசு புரூஃப் ஆகாது. புதிதாக மெருகேற்றிய அச்சின் முதல் அடிகளில் சில சாதாரணக் காசுகளும் கண்ணாடி போல வரும். எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். புரூஃபில் அது கத்தி போல நிமிர்ந்து நிற்கும், மற்றதில் சற்று உருண்டிருக்கும்.

நம் நாட்டில் 1971இல் வந்த புரூஃப் தொகுதியைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். அலுமினிய ஒரு சதம்கூட முகம் பார்க்கலாம் போல இருக்கும். அடுத்த ஆண்டே நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீ லங்கா ஆனது. தமிழில் முன்னும் பின்னும் இலங்கை என்றே இருந்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விடயம்.

மங்கல் என்றால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1902இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுக்காக இங்கிலாந்தில் மினுக்கமே இல்லாத மணல் நிறப் புரூஃப்களை வேண்டுமென்றே செய்தார்கள். இப்போது அந்த வெற்றுப் பரப்பைப் பனி போல மங்கலாக்கி உருவத்தைக் கண்ணாடியாக விடும் தலைகீழ்ப் புரூஃப்களும் வருகின்றன.

புழக்கக் காசு சேர்ப்பவர்களுக்கு ஒன்று. 2013 என்று ஆண்டு பொறித்து 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வந்த 10 ரூபாக்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. கடையில் மீதிச் சில்லறையாக வந்ததையும், பயன்படாமல் எடுத்து வைத்ததையும் பக்கத்தில் வைத்தால் பழங்காசு ஐயா சொன்ன எல்லாத் தரத்தையும் இரண்டு காசில் கற்றுக்கொள்ளலாம். 2005இல் தொடங்கிய தொடரின் 1, 2, 5 ரூபாக்கள் மேலே பூச்சுப் போட்ட உருக்கு. பூச்சு உரிந்த விளிம்பில் துரு தொடங்கும். எங்கள் அம்பாறையை விட உங்கள் கரையோரத்தில் அது விரைவாக வரும்.


கல்முனை நானா | செவ்வாய், மாலை 4.15

தங்கச்சி, உங்கள் பட்டியலில் 1911 இந்திய ரூபா என்று எழுதியிருந்தீர்கள். நேற்று இரவு படுத்த பிறகுதான் மனதில் பட்டது. அதை மற்ற மூன்றோடு சேர்த்து எடை போட்டுவிடாதீர்கள். எடை ஒன்றுதான், ஆனால் வெறும் வெள்ளி விலையை வைத்து அதை மதிக்கக் கூடாது.

ஐந்தாம் ஜோர்ஜின் மேலங்கியில், மார்புப் பகுதியில் ஒரு சிறு யானை தொங்கும். 1911 காசில் அதன் தும்பிக்கை குட்டையாகவும் கால்கள் சிறியவையாகவும் விழுந்ததால் பார்த்தவர்கள் பன்றி என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு எழுந்து, வெளியே விடாமல் இருந்தவற்றை உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையை நீட்டிச் செதுக்கினார்கள். உங்கள் 1918ஐயும் 1911ஐயும் பக்கத்தில் வைத்து அந்த யானையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

1907இல் வளையத் தடம் இருப்பது காசு மாலையில் கோர்த்ததால். ஈயப் பற்று வைத்த இடத்தை அராவினாலும் விளிம்பு சரியாகாது. அது வெள்ளி விலைதான். ஆனால் அந்த மாலை யார் கழுத்தில் கிடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.


நாவலடிப் பெண் | செவ்வாய், இரவு 8.00

யானை தெரிகிறது, நானா! 1911இல் முகம் மொட்டையாக, உண்மையாகவே வேறு மிருகம் போல இருக்கிறது. 1918இல் தும்பிக்கை கீழே வளைந்து தெளிவாக விழுகிறது. அம்மாவும் பார்த்தார். மாலை அம்மம்மாவின் தாயாருடையதாம்.

ஒல்லாந்தர் காசைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மூன்று எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று பின்னியிருக்கின்றன, கீழே ஆண்டின் கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. மறுபக்கம் ஒரு சிங்கம். இடுப்புக்குக் கீழே அலை அலையாகக் கோடுகள். அவ்வளவு பழையது என்றால் பெட்டியில் இதுதான் விலை உயர்ந்ததா?


பழங்காசு, புளியந்தீவு | செவ்வாய், இரவு 8.50

அது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் டொயிட். பின்னியிருப்பது கம்பனியின் பெயரெழுத்துகள். அலையிலிருந்து பாதி உடல் எழுந்து நிற்கும் சிங்கம் ஸீலாந்து மாகாணத்தின் சின்னம். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த அதே கம்பனிதான். ஆனால் இந்தக் காசு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கம்பனி 1799 முடிவில் கலைந்தது.

விலை என்று கேட்டால், பெட்டியிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. கோடிக்கணக்கில் அடித்துக் கப்பல் கப்பலாகக் கீழைத் தேசங்களுக்கு அனுப்பிய சில்லறை அது. வயது மட்டும் விலையைத் தராது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவற்றைத் தேடுபவர்கள் எத்தனை பேர், எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் விலையை முடிவு செய்யும். உங்கள் 1957 ஐந்து ரூபாவுக்கு எழுபது வயதுகூட ஆகவில்லை. ஆனால் புத்த ஜயந்திக்காக அடித்தவற்றில் பெருந்தொகை திரும்பப் போய் உருக்கப்பட்டது. அதனால் டொயிட்டைவிடப் பல மடங்கு கேட்பார்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரம்பரையாக வீட்டில் இருந்த காசு வேறு, மண்ணைத் தோண்டி எடுத்த காசு வேறு. வயலிலோ கோட்டைச் சுற்றிலோ பழைய காசு கிடைத்தால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது, அறிவிக்க வேண்டும். உலோகம் காட்டும் கருவியோடு இரவில் வயலுக்குப் போகிறவர்கள் காசை மட்டும் எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தின் வரலாற்றை அழித்துவிட்டுப் போகிறார்கள். அப்படி வந்த காசை நான் வாங்க மாட்டேன், விலை என்னவாக இருந்தாலும்.


காரைதீவான் | செவ்வாய், இரவு 9.40

ஐயா சொன்னபடி என் காசின் புருவத்தைப் பார்த்தேன். மங்கித்தான் இருக்கிறது. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றவரே சரி.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பட முடியவில்லை. வெள்ளி கறுப்பதை அழகு என்று சொல்லி அதற்கு மேலதிக விலை கேட்கிறார்கள். ஊதா, நீலம், பொன் என்று வானவில் நிறத்தில் வரும் காசுகளை இணையத்தில் பல மடங்கு விலைக்குப் போடுகிறார்கள். அவற்றில் பல கந்தகத்தையும் வெப்பத்தையும் வைத்து வேண்டுமென்றே நிறம் ஏற்றியவை.


அக்கரைப்பற்று ஆசிரியை | செவ்வாய், இரவு 10.05

அதைப் பற்றி எச்சரிப்பது மிகவும் தேவை. இயற்கையாகப் படியும் நிறம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று ஒன்றுக்குள் ஒன்று கரையும். எழுத்துகளின் நிழலில் நிறம் மாறும். அவசரமாக ஏற்றியது எழுத்தின் மேலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி வழிந்திருக்கும், கீறலுக்குள்ளும் புகுந்திருக்கும். சந்தேகம் வந்தால் சாம்பல் நிறக் காசையே எடுங்கள்.

நாவலடித் தங்கச்சி, அந்த மாத்திரைப் போத்தல் என்னவாயிற்று? மூடியைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் கட்டி வைத்துத் திருகிப் பாருங்கள். உள்ளே ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


நாவலடிப் பெண் | புதன், இரவு 9.15

திறந்துவிட்டேன்.

மூடி இறுகியிருந்ததால் கடல் உள்ளே போகவில்லை. பஞ்சு அடைத்திருந்தது, பழுப்பேறியிருந்தாலும் காய்ந்த பஞ்சு. அதற்கு நடுவில் வெள்ளைச் சீலைத் துண்டில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் ஒரேயொரு காசு. ஒரு சதம், 1937. அம்மம்மா பிறந்த ஆண்டு அது.

விரல் படாமல் விளிம்பில் பிடித்து மேசை விளக்கின் கீழ் சாய்த்தேன். பெட்டியிலுள்ள மற்றச் சதங்கள் எல்லாம் கருங்கபிலம். இது இளங்கபிலம். அரசரின் தலையைச் சுற்றியுள்ள எழுத்துகளின் இடுக்குகளில், மரத்தின் ஓலைகளுக்கு இடையில், புதுச் செப்பின் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஓலையின் நடு நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. புருவம் மங்கவில்லை. மெல்லத் திருப்பியபோது இரண்டு ஒளிப்பட்டைகள் காசைச் சுற்றி ஓடின. ஐயா எழுதியது இதுதானே? என் கை நடுங்கிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வியாபாரி இன்று மத்தியானம் மறுபடியும் வந்தார். 15,000 என்றார். கொடுப்பதற்கில்லை என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டார். வளையத் தடமுள்ள 1907ஐயும் புளி போட்ட 1893ஐயும்கூடக் கொடுக்கவில்லை.

இந்தச் சதத்தை எதில் வைப்பது? அதே பஞ்சில் வைக்கலாமா?


பழங்காசு, புளியந்தீவு | புதன், இரவு 9.40

பஞ்சு வேண்டாம் மகள், அது ஈரத்தை இழுக்கும். மைலார் தாள் (பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக்) ஒட்டிய அட்டைச் சட்டம் ஒன்றில் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஜெல்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அட்டையைத் தைக்கும் ஊசிகளின் முனை மடிந்து காசில் உரசாதபடி குறட்டால் தட்டிவிட வேண்டும். சீலைத் துண்டைத் தனியே மடித்து வையுங்கள், அதை எறிந்துவிடாதீர்கள்.

செப்புக்குத் தர இலக்கத்தோடு நிறத்தையும் எழுதுவார்கள்: சிவப்பு, செங்கபிலம், கபிலம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது செங்கபிலம், புழங்காதது. படத்தில் நிறம் சரியாக விழாது, நேரில் பார்க்க வேண்டும். அட்டைச் சட்டங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அம்மாவுக்கு வசதியான ஒரு மாலையைச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பாலம் கடந்து வருகிறேன்.